மூன்று நாள், போன் இல்லாமல், ஜவ்வாது மலையில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வேலூரில் இருக்கிறேன். ஏழு வருடமாக, வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை, நண்பர்களும் சொந்தக்காரர்களுமாக நான்கைந்து பேர் சேர்ந்து ஜவ்வாது மலைக்குப் போகிறோம். ஒரு விவசாயி வீட்டில் மூன்று நாள் தங்கிவிட்டு வருவோம். யாரிடமும் ஸ்மார்ட்போன் இருக்காது. இதைக் கேள்விப்படுகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

“மூணு நாள் போன் இல்லாம இருக்கறதுல அப்படி என்ன இருக்கு?”

போன் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு மருந்து வாங்குவதும் கரண்ட் பில் கட்டுவதும் வெளியூரில் இருக்கும் தங்கை முகத்தைப் பார்ப்பதும் எனக்கு அதில்தான். என் கவலை வேறு. பஸ் வருவதற்குள், சோறு வேகும் நேரத்தில், தூக்கம் வராத பத்து நிமிடத்தில், கை தானாகப் போய் போனை எடுத்துவிடுகிறது. முன்பெல்லாம் அந்த நேரம் சும்மா கிடந்தது. சும்மா கிடந்த அந்த நேரத்தில்தான் நமக்கு நம் ஞாபகம் வரும். யாரிடமோ கோபமாகப் பேசியது உறுத்தும், செத்துப்போன தாத்தா நினைவுக்கு வருவார், இந்த வேலை நமக்குப் பிடித்திருக்கிறதா என்ற கேள்வி எழும். இப்போது அதற்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

மூன்று நாள் அந்த இடத்தைக் காலியாக விட்டுப் பார்ப்பதுதான் இது. காட்டில் வைத்துச் செய்வதற்குக் காரணம், நகரத்து அறையில் போனை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் நான்கு சுவரைத் தவிரப் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. மலையில் மரம் இருக்கிறது, ஓடை இருக்கிறது, மாடு மேய்கிறது. மனசு போய் உட்காருவதற்கு ஒரு கிளையாவது கிடைக்கும்.

“ஏன் ஜவ்வாது மலை? ஊட்டி, கொடைக்கானல்னு போனா ஆகாதா?”

போகலாம், மலைகளுக்குள் பாகுபாடு கிடையாது. ஆனால் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வண்டி நெரிசல் தாங்காமல், 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் வாங்கிக்கொண்டுதான் வாகனங்கள் ஏற வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. அங்கே போனால் பாதி நாள் வண்டியில் கழியும், மீதி கடைத்தெருவில்.

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. சாக்லேட் கடை வரிசை எதுவும் இல்லை. சாமை விளைகிற சரிவுகள், பலா மரங்கள், புளிய மரங்கள், மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள். (கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மலையில் வாழ்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். அவர்கள் பேசுவது தமிழ்.) பல இடங்களில் சிக்னல் எடுக்காது என்பதும் எங்களுக்கு உதவி.

இன்னொரு காரணம் இருட்டு. இந்த மலையில் காவலூர் என்ற ஊரில் 1960களின் கடைசியில் வானாய்வுக்கூடம் அமைத்தார்கள். விஞ்ஞானி வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம் அது. ஊர் வெளிச்சம் எட்டாத வானம், நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் வடக்கு வானமும் தெற்கு வானமும் நன்றாகத் தெரியும். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று 1977 மார்ச்சில் தெரியவந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. அப்படிப்பட்ட வானம் நம் பக்கத்திலேயே இருக்கும்போது வேறெங்கும் போக எனக்குத் தோன்றவில்லை.

“போனை வீட்டுலயே வச்சிட்டுத்தான் வரணுமா? ஏரோபிளேன் மோடுல போட்டு பையில வச்சுக்கறேனே?”

முதல் இரண்டு தடவை நாங்களும் அப்படித்தான் செய்தோம். பலிக்கவில்லை. மணி பார்க்கிறேன் என்று எடுப்பார்கள், டார்ச் அடிக்கிறேன் என்று எடுப்பார்கள், எடுத்த கை கேலரிக்குள் போய் பழைய போட்டோக்களைத் தள்ள ஆரம்பித்துவிடும். பக்கத்தில் இருந்தாலே போதும், மனசின் ஒரு மூலை அதைக் காவல் காத்துக்கொண்டிருக்கும். 2017இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். போனை அணைத்து மேஜைமேல் வைத்திருந்தவர்களைவிட, பக்கத்து அறையில் விட்டுவந்தவர்கள் ஞாபகத்தையும் யோசிக்கும் திறனையும் சோதிக்கும் பரீட்சைகளை நன்றாகச் செய்தார்கள். பின்னால் மற்றவர்கள் செய்த சோதனைகளில் எல்லாம் அதே முடிவு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் அந்தப் பரீட்சையை நம்பி இந்த விதியை வைக்கவில்லை. கண்ணால் பார்த்ததை நம்பித்தான் வைத்தேன்.

அதனால் இப்போது ஸ்மார்ட்போன்கள் வேலூரிலேயே தங்கிவிடும்.

“வீட்ல ஏதாவது அவசரம்னா எப்படித் தெரியும்?”

எல்லோரும் கேட்கும் கேள்வி. கேட்கத்தான் வேண்டும். எங்கள் குழுவுக்கு ஒரே ஒரு பட்டன் போன் உண்டு. அதில் பேசலாம், வேறொன்றும் முடியாது. அது ஒருவர் பொறுப்பில் இருக்கும். அந்த எண்ணையும் நாங்கள் தங்கும் வீட்டு அண்ணனின் எண்ணையும் கிளம்புவதற்கு முன்பே எல்லார் வீட்டிலும் எழுதிக் கொடுத்துவிடுவோம். காலை ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, சிக்னல் எடுக்கும் மேட்டுக்கு ஏறிப் போய் அந்தப் பொறுப்பாளர் பத்து நிமிடம் நிற்பார். செய்தி இருந்தால் வரும். சேதி ஒன்றுமில்லை என்றால் அவர் திரும்பி வந்து தலையசைப்பார், அவ்வளவுதான்.

வீட்டில் உடம்பு முடியாதவர் இருந்தால், பிரசவ நாள் நெருங்கியிருந்தால், இந்தப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். மலை எங்கேயும் போய்விடாது. ஒருவர் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, “கொடுத்த வார்த்தை” என்று எங்களோடு வந்துவிட்டார். மூன்று நாளும் அந்த மேட்டிலேயே நின்றார். அவரைக் கூட்டிவந்தது என் தவறு. அன்றிலிருந்து கிளம்புவதற்கு முன் இதை வாய்விட்டுக் கேட்டுவிடுகிறேன்.

“வழி, டிக்கெட், பணம் எல்லாமே போன்லதானே இருக்கு. அது இல்லாம எப்படி?”

கையில் ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் சில்லறையாக. டீக்கடையில் நின்றுகொண்டு ஸ்கேன் செய்ய போனைத் தேடிய பிறகுதான் பலருக்கு இது உறைக்கிறது. ரயில் டிக்கெட்டை அச்செடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமான நான்கு எண்களைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். மனைவியின் எண்கூட மனப்பாடமாகத் தெரியாதவர்கள்தான் நம்மில் அதிகம்.

கைக்கடிகாரம், நல்ல டார்ச், கூடுதல் பேட்டரி, போர்வை, ஸ்வெட்டர் (தை மாதக் குளிர் ஏமாற்றும்), தினமும் சாப்பிடும் மாத்திரை, ஒரு நோட்டு, பென்சில். வழியை மனிதர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். போளூரிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூருக்குப் பஸ் எப்போது என்று பஸ் நிலையத்தில் கேட்டால் மூன்று பேர் பதில் சொல்வார்கள்.

“முதல் நாள் எப்படி இருக்கும்? மறைக்காம சொல்லுங்க.”

கஷ்டமாக இருக்கும். காலையில் பிரச்சினை இல்லை, புது இடம் என்ற சந்தோஷத்தில் போய்விடும். மத்தியானம் சாப்பிட்டு எழுந்த பிறகு ஆரம்பிக்கும். தொடைப்பக்கம் போன் அதிர்ந்த மாதிரி இருக்கும். தடவிப் பார்த்தால் பை காலி. இப்படி இல்லாத அதிர்வை உணர்வது நிறையப் பேருக்கு நடப்பதுதான், பயப்பட ஒன்றுமில்லை. அடுத்து எரிச்சல் வரும். கூட வந்தவர் மெல்லும் சத்தம்கூடப் பிடிக்காது. மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் கடிகாரத்தைப் பத்துத் தடவை பார்ப்பீர்கள். “எதுக்குடா வந்தோம்” என்று ஒருவராவது கேட்பார்.

தனியாகச் சும்மா உட்காருவது மனிதனுக்கு எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு சோதனையைச் சொல்கிறேன். 2014இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிமோத்தி வில்சன் குழுவினர் செய்தது. ஒவ்வொருவரையும் வெறும் அறையில் 15 நிமிடம் தனியாக உட்கார வைத்தார்கள். யோசித்துக்கொண்டிருப்பதுதான் வேலை. வேண்டுமென்றால் ஒரு பட்டனை அழுத்தி, காசு கொடுத்தாவது தவிர்ப்பேன் என்று அவர்களே முன்பு சொன்ன மின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளலாம். 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் ஒரு தடவையாவது அழுத்தினார்கள். உங்களுக்கு மட்டும் மனசு அடங்கவில்லை என்று நினைத்து வெட்கப்படாதீர்கள்.

நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றே ஒன்றுதான். அந்த அலுப்பை ஓட்ட முயற்சிக்காதீர்கள். சீட்டுக்கட்டு வேண்டாம், வெட்டிப் பேச்சும் வேண்டாம். அது வரட்டும், வந்து உட்காரட்டும். காய்ச்சல் மாதிரி அதுவாக ஏறி அதுவாக இறங்கும். அநேகமாக இரண்டாம் நாள் காலையில், ஓடைக்குப் போகும் வழியிலோ பல் தேய்க்கும்போதோ, நீங்கள் எதையோ ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அது கரையான் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும் காட்சியாக இருந்தது. அந்த இடத்தில் நிற்கத்தான் முதல் நாளின் அவஸ்தை முழுவதும்.

“நாள் பூரா அங்க என்னதான் செய்வீங்க?”

நடப்போம். ஊர்களுக்கு இடையே வண்டிப்பாதைகளும் வரப்புகளும் இருக்கின்றன. அந்த வீட்டு அக்கா சாமை புடைக்கும்போது கூட உட்காருவோம். முறத்தை நாங்கள் வாங்கினால் பாதி தானியம் கீழே கொட்டும், அதைப் பொறுக்கி எடுப்போம். விறகு எடுத்துவருவோம். மத்தியானம் தூங்குவோம். பெரிய திட்டம் போட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள். பீமன் நீர்வீழ்ச்சி, அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று பட்டியல் போட்டு ஓடினால், கையில் போன் இல்லாத சுற்றுலாவாக அது முடிந்துவிடும்.

ஒரே ஒரு விஷயத்தை வழக்கமாக வைத்திருக்கிறோம். தினமும் ஒரு மணி நேரம் ஆளுக்கொரு மரத்தடியில் பிரிந்து உட்காருவது. மூன்று நாளும் அதே மரம். முதல் நாள் அது ஒரு மரம். மூன்றாம் நாள் பட்டையில் எந்த வெடிப்பில் எறும்பு ஏறுகிறது, எந்தக் கிளைக்குக் குக்குறுவான் திரும்பத் திரும்ப வருகிறது, வெயில் எத்தனை மணிக்கு எந்த வேரைத் தொடும் என்பதெல்லாம் தெரிந்திருக்கும். தியானமா என்று கேட்கிறார்கள். மூச்சைக் கவனி, மந்திரம் சொல் என்று நான் எதுவும் சொல்வதில்லை. உட்கார்ந்தால் போதும்.

“ராத்திரி சீக்கிரமே இருட்டிடுமே, அப்போ?”

இருட்டுக்காகத்தான் அமாவாசையை ஒட்டிப் போகிறோம். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். அதற்குள் ஒரு தடவை போன் திரையைப் பார்த்தால் போதும், பழகிய கண் பழையபடி குருடாகிவிடும், மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். போனை ஏன் விட்டுவரச் சொல்கிறேன் என்பதற்கு முன்பு சொன்ன காரணங்கள் எல்லாவற்றையும்விட இது எனக்கு வலுவான காரணம். அரை மணி நேரம் பொறுத்தவருக்கு வானம் திறக்கும். பொறுக்காதவருக்குச் சில நூறு புள்ளிகள்தான்.

உங்கள் நட்சத்திரம் என்ன என்று கேட்டால் நம்மில் எல்லோரும் சொல்லிவிடுவோம். கோயில் அர்ச்சனைக்குச் சொல்கிறோம், பொருத்தம் பார்க்கச் சொல்கிறோம். அதை வானத்தில் பார்த்திருக்கிறீர்களா? தை, மாசி மாத முன்னிரவில் தலைக்கு மேலே கார்த்திகை சிறு கொத்தாக நிற்கும். அதற்குக் கொஞ்சம் கிழக்கே ரோகிணி, செம்மஞ்சளாக. இன்னும் கிழக்கே திருவாதிரை, சிவந்த பெரிய நட்சத்திரம். தெற்கே தாழ்வாக, பளிச்சென்று, அகத்தியர். என்னோடு வந்த என் பெரியம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, திருவாதிரை நட்சத்திரம். கையைப் பிடித்துத் திசை காட்டினேன். பார்த்துவிட்டு, “இத்தனை வருஷம் பேரை மட்டும் சொல்லிட்டு இருந்திருக்கேன்” என்றார். அதற்கப்புறம் வெகுநேரம் பேசவில்லை. திண்ணையில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டரை மணிக்கெல்லாம் தூக்கம் வந்துவிடும். எங்கோ பக்கிக் குருவி மரத்தைத் தட்டுகிற மாதிரி கத்திக்கொண்டிருக்கும்.

“போட்டோ எடுக்கலைன்னா ஞாபகமே இருக்காதே. கேமராவாவது கொண்டு வரலாமா?”

மூன்றாம் நாள் மட்டும் கேமரா எடுக்கலாம் என்று வைத்திருக்கிறோம். முதல் இரண்டு நாள் பார்ப்பதோடு சரி. நோட்டில் வரையுங்கள். வரையத் தெரியாது என்பது காரணமாகாது. ஓர் இலையை வரைய உட்கார்ந்தால், அதன் நரம்பு எப்படிப் பிரிகிறது என்று முதல்முறையாகப் பார்க்க வேண்டிவரும். அந்தப் படம் கோணலாக இருந்தாலும் அந்த இலை மறக்காது.

“புக் படிக்கலாமா? பாட்டு கேக்க சின்ன ரேடியோ?”

புத்தகம் ஒன்று, இரவல் இல்லாமல். ரேடியோ வேண்டாம். பாட்டு வேண்டுமென்றால் நீங்களே பாடுங்கள்.

“இதுக்கெல்லாம் விஞ்ஞான ஆதாரம் ஏதாவது இருக்கா, இல்ல நீங்களா சொல்றதா?”

இருக்கிறது, ஆனால் அளவோடு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் தம்பதியர் சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் பொருந்தியது. வேலையிலும் திரையிலும் நாம் முயன்று குவிக்கும் கவனம் ஒன்று உண்டு, அது களைத்துப் போகும். இலை அசைவது, தண்ணீர் ஓடுவது, மேகம் நகர்வது இவையெல்லாம் முயற்சி இல்லாமலே நம் கவனத்தை மென்மையாகப் பிடித்து வைத்திருக்கும், அந்த நேரத்தில் களைத்த கவனம் ஓய்வெடுக்கும் என்றார்கள். முதல் நாள் எரிச்சலையும் இரண்டாம் நாள் தெளிவையும் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

1984இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு: பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்த அறையில் இருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வலிக்குப் பலமான மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். 2012இல் அமெரிக்காவில் 56 பேரை வைத்துச் செய்த ஆய்வு நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கம். எந்தக் கருவியும் இல்லாமல் நான்கு நாள் காட்டில் நடந்தவர்கள், கிளம்புவதற்கு முன்பே பரீட்சை எழுதியவர்களைவிடப் படைப்பூக்கப் பரீட்சையில் ஐம்பது சதவீதம் கூடுதலாக மதிப்பெண் வாங்கினார்கள். இதில் ஒரு சிக்கல். காட்டினால் வந்ததா, போன் இல்லாததால் வந்ததா, நடந்ததால் வந்ததா என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்றும் சேர்ந்துதான் என்று நான் நினைக்கிறேன்.

ஜப்பானில் 1982இலேயே அரசின் வனத்துறை, காட்டில் மெல்ல நடப்பதற்கு ‘காட்டுக் குளியல்’ என்று பெயர் வைத்து மக்களைக் கூப்பிட்டது. அந்த நாட்டு மொழியில் ஷின்ரின் யோகு. இது வியாதியைக் குணமாக்கும், அதைத் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

“பாம்பு, கரடி எல்லாம் இருக்குமே?”

இருக்கும், அது அவற்றின் இடம். கரடி பெரும்பாலும் விடியலிலும் இரவிலும் நடமாடும், அந்த நேரத்தில் காட்டோரம் தனியாகப் போவதில்லை. இருட்டில் டார்ச் இல்லாமல் வாசல்படி தாண்டுவதில்லை. தரையில் படுத்தால் கொசுவலையை நாலாபக்கமும் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். கட்டுவிரியன் தூங்குகிறவரைக் கடிக்கும் பாம்பு, வலைக்குள் வராது. கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். அசையாமல் வைத்து நேராக அரசு மருத்துவமனைக்கு.

பலருக்குத் தெரியாத ஒன்று: புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல். ஊர் திரும்பிய மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், “காட்டுப் பக்கம் போயிருந்தேன்” என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட் சுட்டது மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே சரியாகும். விட்டுவிட்டால் உயிருக்கு ஆபத்து.

“ஊர்ப்பாதை வேணாம், காட்டுக்குள்ளேயே போய் டெண்ட் போட்டுத் தங்கலாமே?”

வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் போன குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அந்த நாளை மறந்துவிட்டு யாரும் மலை ஏறக் கூடாது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம் என்பதைவிட, கோடையில் காய்ந்த புல்லுக்கு நடுவில் ஒரு தீப்பொறி என்ன செய்யும் என்று நமக்குத் தெரியாது என்பதே பெரிய காரணம். காட்டில்தான் நடக்க வேண்டும் என்றால், தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் நாற்பது பாதைகளைத் திறந்திருக்கிறது. வழிகாட்டியோடு, முன்பதிவு செய்து போகலாம். தீக்காலத்தில் அவற்றையும் மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் மூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

“பொண்ணுங்க தனியா வரலாமா?”

முன்பின் தெரியாத இடத்துக்கு, கையில் போனும் இல்லாமல் தனியாகப் போகச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆணுக்கும் அதையேதான் சொல்வேன். எங்கள் குழுவில் பாதிப் பேர் பெண்கள். வீட்டு மனிதர்களோடு, அக்கா இருக்கும் வீட்டில் தங்குகிறோம். பெண்கள் மட்டும் நான்கு பேராக இரண்டு முறை போய்வந்திருக்கிறார்கள். அப்போது பட்டன் போன் ஒன்றுக்கு இரண்டாக இருந்தது.

“குழந்தைங்க போன் இல்லாம அரை மணி நேரம்கூட இருக்க மாட்டேங்குதுங்களே?”

ஏழு வருடத்தில் நான் பார்த்தது: குழந்தைகள் ஒரு மணி நேரம் அழுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். ஆட்டுக்குட்டி ஒன்று போதும். பெரியவர்கள்தான் ஒரு நாள் முழுக்கத் தவிக்கிறோம். அப்பா அம்மா கையில் போன் இல்லை என்றதும் குழந்தை கேட்பதை நிறுத்திவிடுகிறது என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கண்ணுக்கும் இது வேண்டும். வெளியில் பகல் வெளிச்சத்தில் விளையாடும் நேரம் கூடினால் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று தைவானில் 2010இலிருந்து பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே அனுப்பும் திட்டமே நடத்துகிறார்கள். அதற்கு மலை வேண்டாம், தெரு போதும்.

“நீங்க போனை விட்டுட்டுப் போறீங்க. அங்க இருக்கற பசங்களே போன்தான் பார்த்துட்டு இருக்காங்க. இது என்ன நியாயம்?”

நியாயமான கேள்வி. என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்த கேள்வியும்கூட. நாங்கள் தங்கும் வீட்டுப் பையன் கல்லூரியில் படிக்கிறான். ஒரு விண்ணப்பம் அனுப்ப அந்த மேட்டுக்கு ஏறி அரை மணி நேரம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். நடுராத்திரி பிரசவ வலி என்றால் 108க்குப் பேசவும் அதே மேடுதான். சிக்னல் இல்லாமை நமக்கு மூன்று நாள் ஓய்வு, அவர்களுக்கு வருடம் முழுக்கச் சிரமம். “உங்க ஊர் இப்படியே இருக்கணும்” என்று அவர்களிடம் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. டவர் வந்தால் நான் சந்தோஷப்படுவேன். அதனால்தான் சிக்னல் இல்லாததை நம்பாமல், போனை வீட்டில் விட்டுவருவதை விதியாக வைத்தோம்.

அந்த வீட்டில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் அவர்கள் சொல்லும் பணத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள். தேன், சாமை, புளி வாங்க விருப்பமிருந்தால் அவர்களிடமே வாங்குங்கள். வீட்டுக்குள், சாமி இடத்துக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். கொண்டுபோன பிளாஸ்டிக் திரும்பவும் உங்கள் பையிலேயே வர வேண்டும்.

“எனக்கு மூணு நாள் லீவும் கிடையாது, செலவு பண்ண வசதியும் இல்லை. அப்போ?”

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் போதும். இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் கேட்டு 2019இல் வெளிவந்த ஆய்வில், வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் கழித்தவர்கள், உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகச் சொன்னது அதிகமாக இருந்தது. ஒரே மூச்சாக இருந்தாலும் பிரித்துக் கழித்தாலும் வித்தியாசமில்லை. நன்றாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்னவோ, அதை அந்த ஆய்வு பிரித்துச் சொல்லாது. ஆனால் முயன்று பார்ப்பதில் செலவு ஏதும் இல்லை.

சென்னைக்காரர்களுக்குக் கிண்டி இருக்கிறது. கார்த்திகையிலிருந்து மாசி வரை வேடந்தாங்கலுக்குப் பஸ்ஸில் போய்வரலாம். சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில், கண்மாய்க்கு வரும் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். எதுவும் இல்லையா, உங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு பனைமரம் இருக்கும். போனை வீட்டில் வைத்துவிட்டு, முன்பு சொன்ன மரத்தடி வழக்கத்தை அங்கே செய்யுங்கள். வாராவாரம் அதே மரம்.

“ஆறு மாசமா மனசே சரியில்லை. இப்படிப் போயிட்டு வந்தா சரியாயிடுமா?”

இதற்கு நான் மிகவும் கவனமாகப் பதில் சொல்வேன். களைப்பும் இதுவும் வேறு வேறு. பல வாரமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துவிடலாமா என்று தோன்றுகிறது என்றால் உங்களுக்குத் தேவை மருத்துவர். மலைக்கு அப்புறம் போகலாம். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். அரசின் டெலி மனஸ் உதவி எண் அது, இலவசம், தமிழிலும் பேசுவார்கள். அந்த நிலையில் இருப்பவருக்கு, மனிதர்களோடு இருக்கும் தொடர்பை அறுத்துவிட்டுத் தனிமையில் உட்காருவது ஆபத்தாகவும் முடியலாம். முதல் நாள் அலுப்பு பற்றி நான் சொன்னது அவருக்குப் பொருந்தாது. அப்படிப்பட்டவர் கையில் போன் இருக்கட்டும்.

சிகிச்சை எடுத்துக்கொண்டு தேறிவருகிறவர்கள் எங்களோடு வந்திருக்கிறார்கள். டாக்டரைக் கேட்டுவிட்டு, மாத்திரையோடு, கூடவே நம்பிக்கையான ஒரு ஆளோடு.

“திரும்பி வந்து ஒரே வாரத்துல பழையபடி ஆயிடறேன். அப்புறம் என்ன பிரயோஜனம்?”

எனக்கும் அப்படித்தான் நடந்தது, முதல் மூன்று தடவை. பஸ் வேலூருக்குள் நுழைந்ததும் வீட்டுக்கு ஓடி, போனை எடுத்து, மூன்று நாள் செய்திகளையும் இரவு ஒரு மணி வரை படித்தேன். இப்போது திரும்பி வந்த அன்று இரவும் போனைத் தொடுவதில்லை. மறுநாள் குளித்துச் சாப்பிட்ட பிறகுதான். அந்த ஓர் இரவு இடைவெளி பெரிய வித்தியாசத்தைக் கொடுக்கிறது.

வீட்டில் நிலைத்தது மூன்று பழக்கம்தான். மற்றதெல்லாம் உதிர்ந்துவிட்டது, அதற்காக வருந்தவில்லை. இருநூறு ரூபாய்க்கு அலாரம் கடிகாரம் வாங்கினேன், அதனால் போன் இரவில் கூடத்தில் தூங்குகிறது. டீ குடிக்கும் நேரம் டீக்கு மட்டும். அமாவாசை இரவில் மொட்டை மாடி விளக்கை அணைத்துவிட்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு அரை மணி நேரம் படுத்திருப்போம். வேலூர் வெளிச்சத்தில் பாதி நட்சத்திரம்கூடத் தெரியாது. ஆனால் திருவாதிரை தெரியும். போன தை மாதம் பக்கத்து வீட்டுப் பையன் அதை அவனாகவே கண்டுபிடித்து, பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான்.